கையும் கணக்கும்: எலும்பு மருத்துவருக்கு ஆய்வுப் பயிற்சி

எலும்பு அறுவை மருத்துவப் பட்டமேற்படிப்பின் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் கைவேலையிலேயே போகின்றன. முறிந்த எலும்பை இழுத்துச் சேர்ப்பது, மாவுக்கட்டு இறுகுவதற்குள் உள்ளங்கையால் அழுத்தி வடிவம் கொடுப்பது, டிரில் எலும்பின் மறுபக்கத்தைத் துளைக்கும் நொடியைக் காதாலும் கையாலும் உணர்ந்து நிறுத்துவது என்று எல்லாமே மூத்தவரின் பக்கத்தில் நின்று பழகவேண்டியவை. மருத்துவ ஆய்வும் அப்படிப் பழகவேண்டிய தொழில்தான். புத்தகம் படித்து மட்டும் வராது. ஆனால் அது கேட்கும் மனப்பழக்கம் வேறு. அறுவை அரங்கில் மருத்துவர் தன் முடிவை நம்பியாக வேண்டும்; கத்தி வைத்தபிறகு சந்தேகப்பட நேரமில்லை. ஆய்வுக்கு வரும்போது அதே மருத்துவர், தான் நன்றாகச் செய்த அறுவை சிகிச்சையால்தான் நோயாளி தேறினாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை இயல்பாக எழச் செய்வதுதான் ஆய்வுப் பயிற்சியின் முதல் வேலை. கடினமான வேலையும் அதுவே.

முட்டிவலிக்காரர் பெரும்பாலும் வலி தாங்கமுடியாத நாளில்தான் மருத்துவமனைக்கு வருகிறார். மூட்டுத் தேய்மான வலி ஏறி இறங்கும் தன்மையுடையது. உச்சத்தில் இருந்த வலி, எதுவும் செய்யாவிட்டாலும், சில வாரங்களில் ஓரளவு தணியும். அந்த இடைவெளியில் ஊசி போட்டிருந்தால் ஊசிக்குப் பெயர். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதற்குப் பெயர். தேறியவர் நன்றி சொல்ல மறுபடி வருகிறார். தேறாதவர் வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுகிறார். இப்படியே இருபது ஆண்டுகள் போனால், மருத்துவரின் நினைவில் தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் தேறியவர்களே. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு எட்டியதே அவ்வளவுதான்.

இதை முதலில் உணர்ந்து மாற்று வழி தேடியவர்களில் ஒருவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஏமரி காட்மன். தோள்மூட்டு நோய்களைப் பற்றிய அவருடைய நூல் இன்றும் பேசப்படுகிறது. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் ஓராண்டு கழித்து அழைத்துப் பார்த்து, பலன் கிடைத்ததா, கிடைக்காவிட்டால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. ‘இறுதி விளைவு’ என்று அதற்குப் பெயரிட்டார். 1911-இல் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கி அதைச் செய்தும் காட்டினார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் கணக்கில் 123 தவறுகளை அவரே பட்டியலிட்டு அச்சில் வெளியிட்டார். சக மருத்துவர்களின் கோபத்தையும் சம்பாதித்தார். பிறகு 1920-இல் எலும்புப் புற்றுநோய்களுக்கான பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் உள்ள மருத்துவப் பதிவேடுகளுக்கு அது முன்னோடி.

காட்மனின் வழி, பலன் கிடைத்ததா என்று காட்டும். எதனால் கிடைத்தது என்று காட்டாது. அதற்கு ஒப்பிட ஒரு குழு வேண்டும். 2002-இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வு இதைக் கற்பிக்கும் பாடமாகவே ஆகிவிட்டது. புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர் முட்டித் தேய்மானம் உள்ள 180 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு நுண்துளைக் கருவியால் முட்டிக்குள் சுரண்டிச் சுத்தம் செய்தார். இன்னொரு குழுவுக்கு மூட்டைக் கழுவிவிட்டார். மூன்றாவது குழுவுக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டு, உண்மையான சிகிச்சை நடப்பதுபோலவே கருவிகளைக் கேட்டு வாங்கி, அதே நேரம் செலவழித்துத் தையல் போட்டார். போலிச் சிகிச்சையும் கிடைக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொண்டவர்கள்தான் எல்லோரும். தங்களுக்குக் கிடைத்தது எது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் பார்த்தும் வலியிலோ நடையிலோ மூன்று குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2013-இல் பின்லாந்தில் 146 பேரிடம், தேய்ந்து கிழிந்த முட்டிச் சவ்வை வெட்டியெடுக்கும் சிகிச்சையை இதே முறையில் சோதித்தார்கள். அங்கும் ஓராண்டு முடிவில் போலிச் சிகிச்சையைவிட அது மேலாக இல்லை. ஆண்டாண்டாக அந்தச் சிகிச்சைகளைச் செய்துவந்தவர்கள் கண்ட முன்னேற்றம் உண்மையானது. அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. பயிற்சி மருத்துவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கும்போது ஆய்வுக்குத் தயாராகிறார்.

அடுத்தது, கேள்வியை அமைக்கக் கற்பது. இந்திய மருத்துவக் கல்லூரிகளின் நூலக அலமாரிகளில், ‘இன்ன முறிவுக்கு இன்ன பிளேட் பொருத்தியதன் செயல்பாட்டு விளைவுகள்’ என்ற வகைத் தலைப்புடன், இருபது முப்பது நோயாளிகளைக் கொண்ட ஆய்வேடுகள் வரிசையாக நிற்கின்றன. எழுதியவர்களின் உழைப்பில் குறையில்லை. ஆனால் எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பது அந்தத் தலைப்பிலேயே இல்லை. ஆகவே ‘பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள்’ என்பதற்குமேல் முடிவு ஒன்றும் வராது. நல்ல கேள்வி, யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதற்கு மாற்றாக, எந்தப் பலனை, எத்தனை நாள் கழித்து என்ற ஐந்துக்கும் பதிலை உள்ளடக்கியிருக்கும். பிரிட்டனில் நடந்து 2014-இல் வெளியான மணிக்கட்டு முறிவு ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. கீழே விழுந்து கையை ஊன்றியதால் மணிக்கட்டில் எலும்பு முறிந்து விலகிய 461 பேர். ஒரு பாதிக்குத் தோல் வழியாகச் செலுத்தும் மெல்லிய கம்பிகள். மறு பாதிக்குத் திறந்து பொருத்தும் விலையுயர்ந்த பிளேட். ஓராண்டு கழித்து நோயாளிகளே மதிப்பிட்ட வலியிலும் கைப்பயன்பாட்டிலும் வித்தியாசம் இல்லை. கேள்வி எங்கிருந்தோ வந்ததல்ல. எந்த ஊர் எலும்பு வார்டிலும் காலை ரவுண்ட்ஸில் தினமும் எழும் கேள்விதான் அது.

பிறகு அளவை. எலும்பு மருத்துவத்தில் எக்ஸ்ரே கண்முன்னே இருப்பதால் எல்லாம் திட்டவட்டம் என்ற நினைப்பு எளிதில் வந்துவிடுகிறது. தொடை எலும்பின் கழுத்து முறிவை நான்கு வகையாகப் பிரிக்கும் கார்டன் முறையை எல்லா மாணவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில் 100 முறிவுகளின் எக்ஸ்ரேக்களை எட்டுப் பேரிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். எட்டுப் பேரும் ஒத்துப்போனது 22 முறிவுகளில் மட்டும். இதைப் படித்துச் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது நன்றாகப் பதியும். பயிற்சி வகுப்புகளில் மாணவர்களுக்கு ஒரே எக்ஸ்ரேக் கட்டைக் கொடுத்து, தனித்தனியே கோணம் அளந்து எழுதச் சொல்லலாம். இரண்டு வாரம் கழித்து அதே கட்டை வரிசை மாற்றிக் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்லலாம். பக்கத்து மாணவரின் எண் வேறாக இருப்பது யாரையும் அதிரவைப்பதில்லை. தன் கையெழுத்தில் இருக்கும் முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் ஏழெட்டு டிகிரி விலகி நிற்பதைக் காணும்போதுதான் அளவை என்பது எவ்வளவு நொய்ந்த பொருள் என்று புரிகிறது.

எதை அளப்பது என்பதும் உண்டு. இடுப்பு, முட்டி நோயாளிகளுக்கான ஆக்ஸ்ஃபோர்டு வினாத்தாள்கள் 1990களில் உருவானவை. உலகெங்கும் பயன்படுகின்றன. ஆனால் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும் குந்தி உட்காருவதும் பிரிட்டன் நோயாளியின் அன்றாடத்தில் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமத்து மூதாட்டிக்கு முட்டி மாற்று சிகிச்சைக்குப் பின் இவைதான் பெரிய கேள்விகள். வெளிநாட்டு வினாத்தாளைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் மதிப்பெண் கிடைக்கும். அவருடைய வாழ்க்கை அதில் வராது. மொழிபெயர்ப்பு, மறுமொழிபெயர்ப்பு, நோயாளிகளிடம் சோதனை என்று முறைப்படி வினாத்தாளை ஊருக்கு ஏற்றதாக்குவதும் ஆய்வுத் திறமைதான். ஓர் இளம் மருத்துவருக்கு அது மிக நல்ல முதல் ஆய்வாகவும் அமையும்.

எண்ணிக்கையைப் பற்றிய பாடம் பலரைத் திடுக்கிட வைக்கும். ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் 100-க்கு 2 பேருக்குச் சீழ் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய முறை அதை 1 ஆகக் குறைக்கும் என்று நம்புகிறோம். உண்மையிலேயே குறைக்கிறதா என்று வழக்கமான உறுதியுடன் கண்டறியக் குழுவுக்கு ஏறத்தாழ 2,300 பேர், மொத்தம் 4,600 பேர் வேண்டும். முப்பது பேர் கொண்ட ஆய்வில் இரு குழுக்களிலும் யாருக்குமே சீழ் பிடிக்காமல் போகலாம். அதை வைத்து ‘இரண்டும் சமம்’ என்று எழுதுவது எலும்பு மருத்துவ இதழ்களில் நீண்டகாலம் நடந்த பிழை. இன்னொரு பிழை இந்தத் துறைக்கே உரியது. ஒரே ஆளின் இரண்டு முட்டிகளையும் மாற்றிவிட்டு அவற்றை இரண்டு நோயாளிகளாக எண்ணுவது. இரண்டு முட்டிகளுக்கும் உடல் எடை ஒன்று, சர்க்கரை நோய் ஒன்று, மன உறுதியும் ஒன்றுதான். அவை தனித்தனிச் சாட்சிகள் ஆகா.

அறுவை சிகிச்சை ஆய்வுக்கென்றே சில தடைகள் உண்டு. மாத்திரையில் எது மருந்து, எது வெறும் மாவு என்று கொடுப்பவருக்குத் தெரியாமல் வைக்கலாம். கத்தி பிடிப்பவரின் கண்ணைக் கட்ட முடியாது. ஆனால் பலனை அளக்கும் மூன்றாமவருக்குத் தெரியாமல் வைக்கலாம். தழும்பை மறைத்து நீண்ட காலுறை மாட்டிவிட்டு அளக்கச் சொல்வது எளிய வழி. புதிய முறையின் முதல் இருபது முப்பது சிகிச்சைகளில் கை பழகியிருக்காது. அந்தக் கட்டத்தில் ஒப்பிட்டால் புதிய முறைக்கு அநீதி. பழகியபின் ஒப்பிடலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் எல்லோரும் புதிய முறைக்கு மாறிவிடுவார்கள். இதற்கு ஒரு தீர்வாக, ஒவ்வொரு மருத்துவரும் தமக்குக் கைவந்த முறையையே செய்ய, நோயாளியைச் சீட்டு முறையில் ஏதேனும் ஒரு மருத்துவரிடம் அனுப்பும் வடிவம் வந்தது.

புதிய முறையைப் படிப்படியாக அறிமுகப்படுத்தும் ஒழுக்கத்துக்கு எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லியின் கதை பாடம். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950களின் இறுதியில் அவர் இடுப்புமூட்டுக் கிண்ணத்துக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். முந்நூறு பேர் அளவில் பொருத்தியபின் அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, துகள்கள் சுற்றியுள்ள எலும்பைக் கெடுப்பது தெரிந்தது. அந்தத் துகள்களைத் தன் தொடையிலேயே ஊசியால் செலுத்தி உடல் எப்படி எதிர்க்கிறது என்று பார்த்தார். 1962-இல் பாலிஎத்திலினுக்கு மாறினார். இம்முறை அவசரப்படவில்லை. தன்னிடம் வந்து பயின்றவர்களுக்கு மட்டுமே தன் மூட்டு கிடைக்கும்படி சில ஆண்டுகள் வைத்திருந்தார். தோல்வியை மறைக்காமல் எழுதியதும், அதற்குப்பின் காத்திருந்ததும் அவருடைய கண்டுபிடிப்பின் அளவுக்கே பெரியவை.

எலும்பு மருத்துவ ஆய்வின் வரலாற்றில் சென்னைக்கும் உரிய இடம் உண்டு. முதுகெலும்புக் காசநோய்க்கு 1950கள் வரை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் படுக்கை ஓய்வும் மாவுக்கட்டுச் சட்டையும் கொடுத்தார்கள். காசநோய் மருந்துகள் வந்தபின், நோயுற்ற எலும்பை முழுவதும் வெட்டியெடுத்து வேறு எலும்பை ஒட்டவைக்கும் பெரிய அறுவை சிகிச்சை ஹாங்காங்கில் வளர்ந்தது. எது தேவை, எது வீண்? பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு கொரியா, ஹாங்காங், அன்றைய ரொடீசியா ஆகிய இடங்களில் சீட்டு முறை ஆய்வுகளை நடத்தியது. மருந்து சரியாகக் கொடுக்கப்பட்டால் படுக்கை ஓய்வும் மாவுக்கட்டுச் சட்டையும் பலனைக் கூட்டவில்லை என்று கொரிய ஆய்வுகள் காட்டின.

இதே வரிசையில் வந்தது சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் நகரத்து எலும்பு மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் மருந்துகளை ஆறு மாதம் கொடுத்துப் பெரிய அறுவை சிகிச்சையும் செய்தது ஒரு குழுவுக்கு. மற்ற இரு குழுக்களும் வீட்டிலிருந்தபடி மருந்து மட்டும் எடுத்துக்கொண்டன. ஒன்று ஆறு மாதம், இன்னொன்று ஒன்பது மாதம். பத்தாண்டு முடிவுகள் 1999-இல் வெளியாயின. நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 90 சதவீதம், ஆறு மாத மருந்துக் குழுவில் 94 சதவீதம், ஒன்பது மாத மருந்துக் குழுவில் 99 சதவீதம். ஆனால் 15 வயதுக்குக் குறைந்து, தொடக்கத்திலேயே கூன் 30 டிகிரிக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு மட்டும் மருந்து போதவில்லை. கூன் வளர்ந்துகொண்டே போனது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் குழந்தைகள் தெரிந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கூனை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் எலும்பு மருத்துவர்கள் எஸ். ராஜசேகரனும் டி.கே. சண்முகசுந்தரமும். மருந்து மட்டுமே பெற்ற 90 நோயாளிகளின் பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை எடுத்து, ஒவ்வொரு முதுகெலும்பையும் பத்துப் பங்காகக் கற்பனை செய்து, எத்தனை பங்கு அரிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணினார்கள். ஆண்டுகள் கழித்து நிலைத்த கூனின் கோணத்துடன் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். 1987-இல் அவர்கள் வெளியிட்ட சூத்திரம் எந்த மாணவருக்கும் புரியும். அரிக்கப்பட்ட அளவை 30.5-ஆல் பெருக்கி 5.5-ஐக் கூட்டினால் கடைசியில் வரப்போகும் கோணம் கிடைக்கும். ஒரு முழு எலும்பு அளவு போயிருந்தால் 36 டிகிரி. ஒன்றரை எலும்பு போயிருந்தால் 51 டிகிரிக்குச் சற்று மேல். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்ரே பிலிம், வெளிச்சப் பெட்டி, பென்சில், கோணமானி ஆகியவையும் நோயாளிகளைத் தவறவிடாத பொறுமையும் போதுமாயிருந்தன. ராஜசேகரன் பின்னர் 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001-இல் எழுதினார். நோய் ஆறியபின்னும் வளர்ச்சியின்போது 39 சதவீதக் குழந்தைகளுக்குக் கூன் அதிகமாயிற்று, 44 சதவீதத்தினருக்குக் குறைந்தது, மற்றவர்களுக்கு மாறவில்லை. யாருக்கு அதிகமாகும் என்று எக்ஸ்ரேயில் முன்கூட்டியே காட்டும் நான்கு அறிகுறிகளையும் சுட்டிக்காட்டினார். யாருக்குக் கத்தி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல அது உதவுகிறது.

இந்த ஆய்வுகளின் பலம் முழுவதும் தொடர்ந்து பார்ப்பதில் இருக்கிறது. பயிற்சியில் மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவதும் அதுதான். ஆறு மாதம் கழித்து நோயாளியின் கைபேசி எண் வேறு யாரிடமோ இருக்கும். கேஸ் ஷீட்டில் முகவரி ‘பேருந்து நிலையம் அருகில்’ என்று மட்டும் இருக்கும். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பேருந்துக்குச் செலவழித்து, நன்றாக இருக்கும் காலைக் காட்ட வரவேண்டும். அனுபவமுள்ள வழிகாட்டி, சேர்க்கும் நாளிலேயே இரண்டு உறவினர்களின் எண்களையும் வாங்கச் சொல்வார். பயணச் செலவை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதச் சொல்வார். நூறு பேரில் முப்பது பேர் காணாமல் போனால், மீதி எழுபது பேரின் முடிவைச் சொல்லும் தகுதியே ஆய்வுக்குக் குறைந்துவிடுகிறது. வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது தெரியாதல்லவா?

இந்தியாவில் எம்.எஸ். ஆர்த்தோ மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியே தீர வேண்டும். மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் எல்லோருக்கும் ஆய்வு முறை பற்றிய அடிப்படை இணையவழிப் படிப்பும் கட்டாயம். அதை நடத்துவது சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். நோயாளிகளைக் கொண்டு சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுகளைப் பதிவுசெய்ய 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு பதிவகம் தொடங்கியது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவுசெய்த ஆய்வுகளை மட்டுமே அது ஏற்கிறது. எதை அளக்கப்போகிறோம் என்று முன்பே ஊரறியச் சொல்லிவிட்டால், முடிவு வந்தபின் சாதகமானதை மட்டும் பொறுக்கிக் காட்ட வழியில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் ஆகியவையும் சட்டகத்தில் உள்ளன. குறை சட்டகத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இரவெல்லாம் விபத்து வார்டில் நின்றவர், மறுநாள் ஓ.பி.யும் முடித்து, மாலையில் புள்ளியியல் படிக்க உட்காருகிறார். வழிகாட்டும் பேராசிரியருக்கும் அதே நெருக்கடிதான். ஆய்வுக்கென்று வாரத்தில் அரை நாளையாவது ஒதுக்கி வைக்காத துறையில் நல்ல ஆய்வு நடந்தால் அது தனிமனிதப் பிடிவாதத்தால் மட்டுமே நடக்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே முப்பது பேரைப் பார்ப்பதற்குப் பதில், பல கல்லூரி மாணவர்கள் ஒரே கேள்வியை, ஒரே படிவத்தில், ஒரே அளவையில் எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்களே இப்படிக் கூட்டணிகள் அமைத்து ஆய்வு நடத்துகிறார்கள். பெரிய தேசிய ஆய்வுகளில் ஆறு மாதம் துணை முதன்மை ஆய்வாளராக இருந்து வேலை பழகி, அதற்கு முறையான அங்கீகாரம் பெறும் திட்டமும் அங்குண்டு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து மோகித் பண்டாரி தலைமையில் நடந்த, திறந்த முறிவு (தோல் கிழிந்து புண்ணான எலும்பு முறிவு) பற்றிய ஆய்வில் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்தன. புண்ணைக் கழுவச் சோப்புக் கரைசலா, வெறும் உப்புநீரா என்ற எளிய கேள்வி. 2,447 நோயாளிகளின் முடிவு 2015-இல் வந்தது. மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் சோப்புக் குழுவில் 14.8 சதவீதம், உப்புநீர்க் குழுவில் 11.6 சதவீதம். நீரை எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்சினாலும் வித்தியாசமில்லை. தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கும் உப்புநீர்ப் பாட்டில் போதும் என்பது இதன் பொருள். ஒரு மாணவரின் முப்பது நோயாளிகளால் இதை ஒருநாளும் சொல்லியிருக்க முடியாது.

நோயாளிகளுக்கும் இதில் பங்குண்டு. எலும்பு சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து ஓர் இளம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்து ஒருமுறை வந்து காட்டச் சொன்னால், கால் நன்றாகவே இருந்தாலும் போய்வர வேண்டும். நன்றாக இல்லாவிட்டால் கட்டாயம் போக வேண்டும்.